ஓரகத்தியின் குழந்தையை நான் சுமந்து தரலாமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருக்கு வயது 31. பனியன் கம்பெனியில் தையல் வேலை. 9 வயதில் மகன், 5 வயதில் மகள். மகன் சுகப்பிரசவம், மகள் சிசேரியன். அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டார். கணவரின் அண்ணன் குடும்பம் ஒரே வாசலில் பக்கத்து வீடு. ஓரகத்திக்கு வயது 38, குழந்தை இல்லை. நார்த்திசுக் கட்டியால் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் மட்டும் இருக்கின்றன. கருத்தரிப்பு மையம் ஒன்றில், "வாடகைத் தாய் மூலம் பெற்றுக்கொள்ளலாம், சொந்தத்தில் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மாமியார் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கிட்டே, 'வெளியில எதுக்குத் தேடணும், நம்ம வீட்லயே நீ இருக்கியே' என்றார். அக்கா அழுதுவிட்டார். எனக்கு மறுக்க வாய் வரவில்லை" என்று எழுதுகிறார். கணவரின் அண்ணன், தம்பிக்கு இருக்கும் 4 லட்ச ரூபாய் கடனைத் தானே அடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே கடன்காரரிடம் போய் ஆறு மாதம் தவணை கேட்டிருக்கிறார்.

கேள்விகள் இவை. குடும்பக் கட்டுப்பாடு செய்தவருக்கு இது முடியுமா? குழந்தை என் சாடையில் இருக்குமா? கடனை அடைப்பது தப்பா? நடுவில் பயம் வந்தால் நிறுத்த முடியுமா? கடைசியாக ஒன்று: "எனக்கு மனசு இருக்கு டாக்டர், பயமும் இருக்கு. இதில் எது சரி?"

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே சரிதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால், கேட்காமல் விட்ட ஒன்றைப் பேச வேண்டும். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பாப்பா பிறந்தப்ப ரத்தம் ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க, மத்தபடி ஒரு பிரச்சினையும் இல்லை." ஒரு மகப்பேறு மருத்துவராக உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி அது ஒன்றுதான்.

அந்த ரெண்டு பாட்டில் ரத்தம்

ரத்தம் ஏற்றியதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். கர்ப்ப காலத்திலேயே ரத்தசோகை இருந்து, ஆபரேஷனுக்கு முன்னால் ஏற்றியிருந்தால் அதைச் சரிசெய்துகொள்ளலாம். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டியிருந்தாலோ, நஞ்சுக்கொடி பிரியாமல் சிரமப்பட்டு எடுத்திருந்தாலோ கதை வேறு. ஒரு பிரசவத்தில் அப்படி நடந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் நடக்க வாய்ப்பு கூடுதல். உங்களுக்குச் சிசேரியன் தழும்பும் இருக்கிறது. நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின் மேல் போய் ஆழமாக ஒட்டிக்கொண்டால், பிரசவ மேசையிலேயே கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நிலை வரலாம். சோதனைக்குழாய் முறைக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி உட்காரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

"ரெண்டு பெத்த உடம்புதானே" என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் காலத்து அனுபவத்தில் சொல்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது மூன்றாவது பிரசவம் மாதிரி இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நடந்த ஒற்றைக் குழந்தைப் பிரசவங்களை ஆராய்ந்து 2024-ல் ஒரு கட்டுரை வெளியானது. தாய்க்குக் கடுமையான சிக்கல் வந்தது, இயற்கையாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம், தனக்காகச் சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களில் 4.3 சதவீதம், வாடகைத் தாய்மார்களில் 7.8 சதவீதம். அதிக ரத்தப்போக்கும், கர்ப்பகால ரத்த அழுத்தம் எல்லை மீறுவதும் அதில் முக்கியமானவை. நூறில் 92 பேருக்கு அப்படி எதுவும் வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மீதி எட்டுப் பேரில் ஒருவராக உங்களை ஆக்கக்கூடிய காரணம் ஏற்கெனவே உங்கள் பழைய சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் ஒரு மாத்திரைகூட ஆரம்பிக்கக் கூடாது.

அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஏன் ரத்தம் ஏற்றினார்கள், எவ்வளவு ரத்தம் போனது, நஞ்சுக்கொடி எப்படி வந்தது என்ற மூன்றும் தெரிய வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, அண்ணன் போகும் மையத்துக்குப் போகாமல், உங்களுக்கென்று ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அந்த மையத்தில் கட்டணம் கட்டுவது அவர்கள். கவனமும் அந்தப் பக்கம் சாயும். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை, இந்தத் தொழிலில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன்.

கடனை இதில் சேர்க்காதீர்கள்

கடனை அடைப்பது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கர்ப்பத்துக்குக் கைமாறாக என்றால், தப்புதான். வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மருத்துவச் செலவு, இன்சூரன்ஸ், விதிகளில் சொல்லப்பட்ட செலவுகள் தவிர வேறு எந்தப் பலனும் கைமாறக் கூடாது. ரொக்கமாகத் தந்தால்தான் குற்றம், கடனை அடைத்தால் பரவாயில்லை என்று வீட்டில் நினைப்பது போலத் தெரிகிறது. உங்கள் கணவரின் கடன் தீர்வதும் பலன்தான். பணம் கொடுத்து வாடகைத் தாயை நாடும் தம்பதிக்கு முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக ரீதியாக ஏற்பாடு செய்பவர்களுக்கு 10 ஆண்டும் 10 லட்சமும் வரை போகும். அப்புறம், சட்டத்துக்குப் புறம்பாக நடந்த வழக்கில், கணவரோ குழந்தை வேண்டும் தம்பதியோ உறவினரோ அந்தப் பெண்ணைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. கணவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய கவலை வேறு. பணம் வாங்கிய பிறகு உங்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? முதல் முறை கரு தங்காமல், இரண்டாம் முறையும் தங்காமல், மூன்றாவதாக ஊசிக்குக் கூப்பிடும்போது, "போதும் அக்கா, என்னால் முடியவில்லை" என்று சொல்ல வாய் வருமா? அண்ணன் தம்பிக்கு உதவ நினைத்தால் அது அவர்கள் இருவரின் கணக்கு. இந்தப் பேச்சு முழுவதுமாக முடிந்து, அதாவது நீங்கள் மறுத்திருந்தாலும், உதவியிருப்பார் என்றால்தான் அது உதவி. இப்போது இரண்டும் ஒரே வாரத்தில் பேசப்பட்டிருப்பதால், இதைச் செய்வதாக இருந்தால் அந்த 4 லட்சத்தை அண்ணனிடமிருந்து வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொரு தவறான எண்ணமும் உங்கள் வீட்டில் இருக்கிறது: சொந்தக்காரப் பெண்தான் வாடகைத் தாயாக இருக்கலாம் என்று. 2019-ல் வந்த மசோதாவில் நெருங்கிய உறவினர் என்ற நிபந்தனை இருந்தது. 2021-ல் சட்டமானபோது "விருப்பமுள்ள பெண்" என்று மாறிவிட்டது. திருமணமானவராக, தனக்கென ஒரு குழந்தை உள்ளவராக, கரு வைக்கும் நாளில் 25 முதல் 35 வயதுக்குள் இருந்தால் போதும். நடைமுறையில் பணம் வாங்காமல் முன்வரும் வெளியாள் கிடைப்பது கடினம், அதனால்தான் எல்லோரும் வீட்டுக்குள் பார்க்கிறார்கள். ஆனாலும் உங்களைவிட்டால் சட்டப்படி வேறு ஆளே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

உடம்பில் என்ன நடக்கும்

"ஒரு ஊசி, பத்து மாசம், அவ்வளவுதான்" என்று சொன்னார்களாமே. ஒரு ஊசி இல்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் இதற்குத் தடையில்லை. அதில் கருக்குழாயைத்தான் அடைத்திருக்கிறார்கள். இங்கே கருவை வெளியில் உருவாக்கி நேராகக் கர்ப்பப்பைக்குள் வைக்கிறார்கள். கர்ப்பப்பையின் உள்சுவரைத் தயார் செய்ய இரண்டு வாரம் போல ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. அப்புறம் ப்ரொஜெஸ்டிரோன், மாத்திரையாகவோ ஊசியாகவோ. ஊசி என்றால் எண்ணெயில் கரைத்த மருந்து. கெட்டியாக இருக்கும் என்பதால் குப்பியைக் கையில் வைத்துச் சூடாக்கி, கொஞ்சம் தடித்த ஊசியில் ஏற்றி, இடுப்புக்குக் கீழே தினமும் போடுவார்கள். இன்று வலது பக்கம், நாளை இடது பக்கம். கரு தங்கிவிட்டால் சுமார் 10, 12 வாரம் வரை தொடரும். போட்ட இடம் கல்லு மாதிரி கட்டிக்கொள்ளும், உட்கார்ந்து மிஷின் மிதிப்பவருக்கு அது சின்னத் தொந்தரவில்லை. கருவை வைப்பது மட்டும் சுலபம்: மயக்க மருந்து வேண்டாம், மெல்லிய குழாய் வழியாகச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனையில் முடிவு தெரியும். முடிவு "இல்லை" என்று வருவது சாதாரணம். அன்றைக்கு வீட்டில் எல்லோர் முகமும் உங்களைத்தான் பார்க்கும். கரு தங்காததற்குச் சுமப்பவர் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார், ஆனால் வாசலில் யாராவது சொல்லக்கூடும். மொத்தம் மூன்று முயற்சிக்கு மேல் விதி அனுமதிக்காது. அதுவும் வாழ்நாளில் ஒரு தடவை மட்டுமே வாடகைத் தாயாக இருக்கலாம்.

ஒரு கருதான் வைக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது, சிறப்புக் காரணம் இருந்தால் மூன்று வரை போகலாம் என்கிறது. "ரெட்டையா பிறந்தா ஒரே செலவுல முடிஞ்சிடும்" என்று யாராவது ஆசைப்பட்டால், தழும்புள்ள கர்ப்பப்பையில் இரட்டைக் குழந்தை என்பது உங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது என்று சொல்லுங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் பிரிவா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்து குழந்தை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பிருந்தால் கர்ப்பத்திலும், பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள்ளும், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படும்.

சாடை விஷயம்: குழந்தைக்கு உங்கள் மரபணு வராது. அக்காவின் கருமுட்டை, அவர் கணவரின் விந்தணு. அக்காவின் முட்டை சரியில்லை என்றால் "உன்னோடதையே எடுத்துக்கலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வாடகைத் தாய் தன் கருமுட்டையைத் தருவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தம்பதியில் ஒருவருடைய அணு பயன்படாது என்று மாவட்ட மருத்துவக் குழு சான்று தந்தால், அந்த ஒன்றை மட்டும் வேறொரு கொடையாளரிடம் பெற 2024-ல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன்

மையம் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; ஆங்கிலப் படிவத்தில் "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்றால் வேண்டாம். ஒப்புதல் உங்களுடையது, கணவரோ மாமியாரோ உங்களுக்காகத் தர முடியாது.

உங்கள் பெயரில் 36 மாதத்துக்கு, பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கல்களையும் சேர்த்து, மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பாலிசிப் பேப்பரைக் கையில் வாங்கிப் படிக்காமல் முதல் மாத்திரையைத் தொடாதீர்கள். அதோடு, உங்களுக்கு உடல்நலக் கேடோ உயிரிழப்போ நேர்ந்தால் இழப்பீட்டுக்கு உத்தரவாதம் தந்து அவர்கள் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். கொங்கு வீடுகளில் இதைக் கேட்டால் "சொந்தத்துக்குள்ள என்ன பத்திரம்" என்பார்கள். கேளுங்கள். நீங்கள் இல்லாமல் போனால் 5 வயது மகளை வளர்க்கப்போவது யார் என்ற கேள்வியை அந்தப் பத்திரம் எழுதும்போதாவது எல்லோரும் நினைத்துப் பார்ப்பார்கள்.

நடுவில் நிறுத்தலாமா? கரு கர்ப்பப்பைக்குள் வைக்கப்படும் வரை எந்த நாளிலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ஊசி பாதி போட்ட பிறகும், அன்று காலையிலும்கூட. அதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. கரு வைத்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். கருக்கலைப்பு என்றால் கருக்கலைப்புச் சட்டத்தின் வரம்புக்குள், உரிய அதிகார அமைப்பின் அனுமதியோடு, உங்கள் எழுத்துபூர்வ சம்மதத்தோடுதான். உங்களைக் கலைக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. பிறந்த குழந்தை சட்டப்படி அவர்களுடையது. தாய் தந்தை யார் என்று மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே உத்தரவு வாங்க வேண்டும், அந்த மனுவில் நீங்களும் சேர்ந்து கையெழுத்திடுவீர்கள். பெண்ணாகப் பிறந்தது, குறையோடு பிறந்தது என்று எதைச் சொல்லியும் அவர்களும் குழந்தையைக் கைவிட முடியாது.

ஒரே வாசலில் வளரப்போகும் குழந்தை

முன்பின் தெரியாதவருக்குச் சுமந்தால் பெற்றுக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். உங்களுக்கு அப்படியில்லை. குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம் அழும். மூன்றாம் நாள் உங்களுக்குப் பால் கட்டும். மாமியார், "பச்சப் பிள்ளை, நீயே கொடுத்துடேன்" என்பார். அக்காவுக்கு அது எப்படி இருக்கும்? உங்களுக்கு எப்படி இருக்கும்? பால் கொடுப்பதா, எடுத்துக் கொடுப்பதா, வற்றவைக்க மாத்திரை எடுப்பதா என்று கர்ப்பத்துக்கு முன்பே நீங்களும் அக்காவும் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். வளைகாப்பு யாருக்கு, பிரசவ அறையில் யார் நிற்பது, குழந்தை உங்களைச் சித்தி என்றுதானே கூப்பிடும், எந்த வயதில் அதனிடம் உண்மையைச் சொல்வது, இதையும் பேசுங்கள். என் அனுபவத்தில் இந்த வீடுகளில் சண்டை பணத்தில் வருவதில்லை, "நான் சொன்ன மாதிரி ஏன் குளிக்க வைக்கலை" என்பதில் வருகிறது.

ஆறாம் மாதத்திலிருந்து வேறு ஊரில் தங்கிக்கொள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று யோசனை சொல்கிறார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ரத்தப்போக்கு அபாயம் உள்ள ஒருவர் தன் மருத்துவரை விட்டு, பிள்ளைகளை விட்டு, தனியாக ஒளிந்திருப்பது மருத்துவ ரீதியிலேயே தப்பு. உங்கள் மகனுக்கு 9 வயது, அம்மா வயிறு பெரிதாவது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. "பெரியம்மா வயித்துல பாப்பா வளர முடியலை, அதனால அம்மா வயித்துல வளருது, பிறந்ததும் அவங்க பாப்பா" என்று நேராகச் சொன்னால் புரிந்துகொள்வான். சொல்லாமல் விட்டால், அம்மா ஒரு பாப்பாவைக் கொடுத்துவிட்டாள், அடுத்து தங்கச்சியையும் கொடுப்பாளோ என்று அவன் மனதில் ஓடும்.

வேண்டாம் என்று சொல்ல

அறிக்கை எல்லாம் சரியாக வந்து, கடன் பேச்சு இல்லாமல், உங்களுக்கே விருப்பமிருந்தால், நல்ல கண்காணிப்போடு செய்யலாம். அக்காவின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனால் அந்த ரத்தப்போக்கு பிரசவத்துக்குப் பின் வந்தது என்று சீட்டில் இருந்தால், நான் உங்கள் மருத்துவராக இருந்தால் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன்.

உடம்பு சரியாக இருந்து மனசு ஒப்பவில்லை என்றாலும் அதுவும் போதுமான காரணம். உடல் தகுதி, மனத் தகுதி இரண்டுக்கும் மருத்துவர் சான்று கட்டாயம். அந்தச் சந்திப்பில், "எல்லோரும் வெளியில் இருங்கள், நான் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அங்கே உண்மையைச் சொல்லலாம். "இவர் இதற்குத் தகுதியில்லை" என்று மட்டும் மருத்துவர் சொன்னால் போதும், விவரம் யாருக்கும் தர வேண்டியதில்லை. அக்காவுக்கு வேறு ஒருவர் முன்வரலாம். தத்தெடுக்க, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா மூலம் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது, காத்திருப்பு நீளம் என்றாலும்.

முதல் வேலை அந்த டிஸ்சார்ஜ் சீட்டு. கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்தப் பிரிவு, தழும்பின் தடிமன் பார்க்க ஒரு உள்வழி ஸ்கேன். இவை கைக்கு வரும் வரை, "டாக்டர் பழைய சீட்டு கேட்டிருக்கிறார்" என்ற ஒரு பதிலை மாமியாருக்குச் சொல்லிக்கொண்டிருங்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.